நேர்ந்துவிட்ட கோழி

கவிழ்த்துப் போட்ட கூடைக்குள் சிவப்புக் கோழி கழுத்து தொங்கிப்போய்க் கிடந்தது. இரை எடுத்து நாளாச்சு.

“இன்னுமா?” என்றது கூடை.

“இன்னும்தான். மூச்சு விடவே அலுப்பா இருக்கு. யாராவது அறுத்துவிட்டாத் தேவலை.”

தவசி வந்து கூடையைத் தூக்கினான். பின்னாலேயே அவன் மனைவி மாரித்தாயும் வந்தாள்.

“ரொம்ப இழுத்துக்கிட்டுக் கிடக்கு. முடிச்சுவிட்டுருவமா?” என்றான் தவசி.

“ஐயோ, மாடு பிழைச்சதுக்குக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டதுல்ல? வீட்டுல அறுத்தா சாமிக் குத்தம்.”

“அப்பக் கோயிலுக்கே கொண்டு போயிருவோம்.”

“சீக்குக் கோழியையா? அது அதைவிடக் குத்தம்.”

மாரித்தாய் அதன் வாயில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். தவசி கூடையை மறுபடி கவிழ்த்தான்.

“எந்த இடத்துல அறுக்கிறதுன்னுதான் அவங்களுக்குக் கவலை,” என்றது கோழி. “எனக்கு எங்கேன்னாலும் ஒண்ணுதான்.”



அமாவாசை வரை கோழி இழுத்துக்கொண்டு கிடந்தது. அன்று காலை கூடையைத் தூக்கியபோது விறைத்திருந்தது.

மாரித்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நல்லவேளை, நம்ம கையால எதுவும் நடக்கல.”

“சாமிக்கு வேற ஒண்ணு விடணுமே,” என்ற தவசி, கொல்லையில் மேய்ந்த வெள்ளைக் குஞ்சைப் பிடித்துக் கூடைக்குள் விட்டான்.

“நான் இனிமே சாமிக் கோழியாம்!” என்று குஞ்சு துள்ளியது. “வீட்டுல யாரும் என்மேல கை வைக்க மாட்டாங்களாம்!”

“ஆமா,” என்றது கூடை. “நீ கெஞ்சினாலும் வைக்க மாட்டாங்க.”