போன வாரத்துப் பழைய மணி

"அப்பா, இந்த மணி எப்போப்பா பழசாகும்? போன வாரந்தானே புதைச்சோம்?"

பழம்பொருள் கடைக்காரரின் மகள் நாலு வயதில் கேட்ட கேள்வி இது. கேட்டதில் தப்பில்லை, கேட்ட நேரம்தான் தப்பு. அந்த மணியைத் தூக்கிப் பிடித்து, "இருநூறு வருஷத்துச் சரக்கு டீச்சர்" என்று அப்பா அளந்துகொண்டிருந்தபோது கேட்டுவிட்டாள்.

கடைக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. புத்தம்புது மணியை உப்புத் தண்ணீரில் நனைத்து, கொல்லையில் ஈர மண்ணில் புதைத்து, பச்சை பூத்ததும் தோண்டி எடுத்தவர் அவரேதான். வேறு வழி தெரியவில்லை. வாடகை பாக்கியைக் கட்டாவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் கடைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டடக்காரர் சொல்லியிருந்தார். பாதிச் சாமான் அப்போதே மூட்டையாகக் கட்டிக் கிடந்தது.

டைப்ரைட்டிங் டீச்சரின் முகத்தைப் பயந்து பயந்து பார்த்தார். அதில் ஒரு சலனமும் இல்லை.

"ஏதாவது சொன்னீங்களா தம்பி? மிஷின் சத்தத்துலயே இருந்து எனக்குக் காது மந்தமாயிடுச்சு," என்றார் டீச்சர். மூட்டைகளை ஒருமுறை பார்த்தார். பேரம் பேசாமல் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, வகுப்பு முடிந்தால் அடிக்க ஆகும் என்று மணியை வாங்கிக்கொண்டு போனார்.

கடை பிழைத்தது. கடைக்காரர் சாமி படத்தின் முன்னால் நின்று உருகி உருகி நன்றி சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், அடுத்தவர் காது கேட்காமல் போனதற்கா நன்றி சொல்கிறோம் என்று சுருக்கென்றது. அன்றோடு எதையும் புதைப்பதை விட்டார்.

ஆனால் ஒரு சிக்கல் இருபது வருஷமாகத் தீரவில்லை. டீச்சரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். காது கேட்காதவரிடம் ரகசியம் சொல்வது எப்படி? கத்தினால் டீச்சருக்குக் கேட்கும், தெருவுக்கும் கேட்கும். அப்புறம் கடையில் ஈ கூட ஏறாது. டீச்சர் கொடுத்த விலையைப் பிறகு சேர்த்து ஓர் உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தார். அந்த உறையும் பழம்பொருளானதுதான் மிச்சம்.

இன்று டீச்சரே வந்து நின்றார்.

"பள்ளியை மூடிட்டேன் தம்பி. மகன் வீட்டோட போறேன். சாயங்காலம் வண்டி. மிஷினெல்லாம் நேத்தே உங்ககிட்ட வந்தாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி." துணிப்பையிலிருந்து மணியை எடுத்து மேசைமேல் வைத்தார். "பாப்பா நல்லா இருக்காளா?"

"நர்ஸா இருக்கா டீச்சர்!" அடிவயிற்றிலிருந்து கத்தினார் கடைக்காரர். அலமாரியில் பீங்கான் பொம்மைகள் அதிர்ந்தன. "மணிக்கு எவ்வளவு தரட்டும்?"

"பழைய பித்தளை விலை போதும்."

"அய்யய்யோ! இருநூறு வருஷத்து மணி டீச்சர்! நீங்க கொடுத்த விலையையே தர்றேன்!"

"அதெல்லாம் வேண்டாம். அடிச்சு அடிச்சுத் தேஞ்சு போச்சு."

"தேஞ்சாத்தான் மதிப்பு!"

சத்தம் கேட்டு எதிர்க்கடைப் பூட்டுக்காரர் ஓடி வந்தார். "என்னய்யா, கடைக்குள்ள ஏலமா போடுற?"

"அவங்களுக்குக் காது மந்தம்யா. நீ சும்மா இரு."

"விக்கிறவங்க இறக்குறாங்க, வாங்குறவன் ஏத்துறான். இப்படி ஒரு பேரத்தை என் ஜென்மத்துல பாத்ததில்லை," என்று பூட்டுக்காரர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

டீச்சர் சிரித்தார். பாவம், உதட்டசைவைப் பார்த்தே சிரிக்கப் பழகிவிட்டார் என்று கடைக்காரருக்கு மனசு இளகியது.

கடைசியில் டீச்சர்தான் ஜெயித்தார். பித்தளை விலைக்கு மேல் ஒரு காசு வாங்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மணியைத் தராசில் நிறுத்தபோது கடைக்காரருக்குத் தன்னையே நிறுப்பதுபோல் இருந்தது. இன்று விட்டால் இனி ஏது?

"போறதுக்கு முன்னாடி மிஷின்களை ஒரு தரம் பாத்துக்கறேன்," என்று டீச்சர் அலமாரிப் பக்கம் திரும்பினார். ஒரு மிஷினின் தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். எதிலோ ஓர் எழுத்தை 'டக்' என்று தட்டினார்.

கடையில் வேறு யாரும் இல்லை. கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தார். உறையை எடுத்தார். மேசைமேல் இருந்த துணிப்பைக்குள், கண்ணாடிக் கூட்டுக்கும் அடியில், சத்தமில்லாமல் செருகினார். கேட்காத காதுதானே என்ற தைரியத்தில், டீச்சரின் முதுகைப் பார்த்துக் கும்பிட்டு மெல்லச் சொன்னார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். அது நான் புதைச்சு எடுத்த மணி."

டீச்சர் திரும்பவில்லை. இன்னொரு மிஷினையும் நிதானமாகத் துடைத்து முடித்தார். பிறகு வந்து பையை எடுத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க டீச்சர்!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கடைக்காரர் கத்தினார்.

இரண்டு படி இறங்கிய டீச்சர் நின்றார். பையின் அடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

"தம்பி, அந்த மணி எப்போ பழசாகும்னு பாப்பா அன்னிக்குக் கேட்டாளே... இப்போ ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க."