நண்பர் ஒருவர் கேட்கிறார்

செத்துப்போனவர் எதிரே உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வருமான வரிப் படிவத்தின் நகலை வாங்கிப்போக வந்தவர். நகல் அச்சாகி வெளியே வந்ததும், படிவம் எழுதித் தருபவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எப்படிக் கொடுப்பாள்? அவர் பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் 'காலஞ்சென்ற' என்று இருந்தது.

படிவத்தின் மூலையில் ஒரு கட்டம் உண்டு. வரி செலுத்துபவர் இறந்துவிட்டாரா? ஆம் என்றால் டிக் போட வேண்டும். காலையில் அவள் கை அதில் டிக் போட்டிருக்கிறது. போட்டதோடு நில்லாமல் அனுப்பியும் விட்டிருக்கிறது.

சும்மாவா தொழில்காரர்கள் குழுவில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள்?

பன்னிரண்டு மணிக்கு வரித்துறைக் கணினி அன்று காலை வந்த படிவங்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன்பின் ஓட்டுநர் அரசாங்கத்துக்குச் செத்தவர்தான். ஓய்வூதியம் நிற்கும். தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க மனுஷன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும்.

மணி பதினொன்றே முக்கால்.

"ஏம்மா, பேர்ல ஏதாவது தப்பு வந்துருச்சா?"

"பேர் சரியாத்தான் இருக்குய்யா. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சேர்ந்துருச்சு. பத்து நிமிஷம் இருங்க."

'திரு' என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. சந்தோஷமாக பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

அவள் கைப்பேசியில் குழுவைத் திறந்தாள். முப்பது சொச்சம் பேர், எல்லோரும் வரிப்படிவம் எழுதிப் பிழைப்பவர்கள். அந்தக் குழுவில் இதுவரை யாருமே தப்புச் செய்ததில்லை. செய்ததெல்லாம் யாரோ ஒரு நண்பர்தான்.

அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவளுடைய எதிர் மேசைக்காரர், கமா. ஒவ்வொரு கமாவையும் சரிபார்க்காமல் எதையும் அனுப்பாத ஆள். அப்பேர்ப்பட்டவரே ஒரு தடவை அம்மாவின் படிவத்தை மகன் பெயரில் அனுப்பிவிட்டார். ஒப்புக்கொள்ள வெட்கமாகி, 'நண்பர் ஒருவர் கேட்கிறார்' என்று ஆரம்பித்தார். யாருக்குத் தெரியாது? ஆனாலும் ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எல்லோருடைய மானத்தையும் அந்த வார்த்தைதான் காப்பாற்றி வருகிறது.

அவள் தட்டினாள்.

"நண்பர் ஒருவர் கேட்கிறார். உயிரோடு இருப்பவருக்கு இறந்தவர் டிக் போட்டு அனுப்பிவிட்டார். என்ன செய்வது?"

பெரியக்கா உடனே வந்தாள். இரண்டு தெரு தள்ளி ஆபீஸ், முப்பது வருட அனுபவம்.

"உன் நண்பர் திருத்தப் படிவம் ஏதும் போட்டுத் தொலைச்சுட்டாரா?"

அவள் விரல் சரியாக அந்தப் பொத்தானின் மேல்தான் இருந்தது. சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்லக்கா."

"போடவே கூடாது. செத்தவர் எப்படித் திருத்தினார்னு தனியா ஒரு விசாரணை கிளம்பும். அனுப்பினதைத் திற. கடைசி வரைக்கும் கீழ போ. திரும்பப் பெறுன்னு சின்னதா இருக்கும். பன்னிரண்டு வரைக்கும்தான் இருக்கும்."

இத்தனை வருடத் தொழிலில் அவள் அவ்வளவு கீழே போனதே இல்லை.

இருந்தது. சாம்பல் நிறத்தில், இருக்கிறதோ இல்லையோ என்பதுபோல. அழுத்தினாள். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. ஓட்டுநர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

திரும்பப் பெறப்பட்டது.

அப்பாடா. போன உயிர் திரும்பி வந்தது. அது அவருடையதா தன்னுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை.

டிக்கை எடுத்தாள், படித்தாள், அனுப்பினாள், புது நகல் எடுத்துக் கொடுத்தாள். ஓட்டுநர் தன் பெயரின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அந்த வார்த்தையை எடுத்துட்டீங்களாம்மா? இருந்துட்டுப் போகட்டுமே."

அவர் படியிறங்கும் வரை அடக்கிவைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"நண்பர் பிழைச்சாரா?" என்று குழு கேட்டது.

"ரெண்டு பேரும் பிழைச்சாங்க."

அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் நண்பர்களை இழுத்துவந்தார்கள். ஒருவருடைய நண்பர் அண்ணன் தம்பியைக் கணவன் மனைவி ஆக்கியிருந்தார். இன்னொருவருடைய நண்பர் வீட்டு நாயைப் பிள்ளைகள் பட்டியலில் சேர்த்திருந்தார்.

பெரியக்கா மட்டும் விடவில்லை.

"உன் நண்பர் ரெண்டு ஃபைலை ஒண்ணாத் திறந்து வச்சிருக்கார். அதான் டிக் இடம் மாறிப்போச்சு. இனிமே ஒண்ணை மூடிட்டு இன்னொண்ணைத் திறக்கச் சொல்லு. அந்த டிக் யாரோட ஃபைலுக்குப் போக வேண்டியது?"

அவள் எதிர் மேசையைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கூடு, ரப்பர் ஸ்டாம்ப், உள்ளே தள்ளிவிட்ட நாற்காலி. எதையும் அவள் இன்னும் நகர்த்தவில்லை.

"நண்பர் ஒருவரோடது" என்று அனுப்பினாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கமா இறந்து அன்றோடு நாற்பத்தொரு நாள். குழுவில் எல்லோருக்கும் அது தெரியும்.

பெரியக்காதான் முதலில் எழுதினாள்.

"நான் போட்டு அனுப்பட்டுமாம்மா?"

"வேண்டாம்க்கா. எல்லா கமாவையும் பார்த்துட்டேன். டிக் மட்டும்தான் பாக்கி."

"சரி, போடு. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

மற்ற ஃபைல்களை ஒவ்வொன்றாக மூடினாள். கடைசியில் ஒன்றே ஒன்று திறந்திருந்தது. அழுகை வந்தது. காலையில் அந்தப் பெயரைப் பார்க்க வராத தைரியமும் கூடவே வந்தது.

பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, டிக் போட்டாள்.