இடுப்புப் பட்டை

காலையிலிருந்து மாரீஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இப்படி நாள் தள்ளிப்போனதே இல்லை. வேலைக்கு வரும் வழியில் மெடிக்கலில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனை அட்டை ஜாக்கெட்டுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் சோதித்துப் பார்க்கச் சிறுநீர் வேண்டுமே. இந்த ஜவுளிக்கடையில் பெண்களின் இடுப்பில் மாட்டிவிடும் பட்டை, கடை மூடும்வரை சிறுநீரகத்தைக் கட்டிப்போட்டுவிடும். வியாபார நேரத்தில் யாரும் கழிப்பறைக்கு ஓடக் கூடாதாம்.

பொறுக்க முடியாமல், மடித்த புடவையை அப்படியே வைத்துவிட்டு சூப்பர்வைசரிடம் போனாள்.

"ஜெசிந்தாக்கா, பட்டையைக் கொஞ்சம் திறந்துவிடுங்க. அடிவயிறு வலிக்கு."

"ஆடித் தள்ளுபடி நேரத்திலயா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜெசிந்தா தன் கைக்கருவியைத் தொட்டாள். "சட்டுனு போயிட்டு வா."

ஒரு பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டுக் கழிப்பறையில் போய் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. திறந்ததும் கொட்டுவதற்கு அது என்ன குழாயா? ரத்தம் சிறுநீரகத்துக்குள் போய் வடிகட்டப்பட்டு, வேண்டியதை உடம்பு திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சம்தான் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் இறங்கும். அவள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கதவு தட்டும் சத்தம்.

"மாரி, பட்டையைக் கழட்டிக் குடுத்துரு."

"இன்னும் வரலக்கா."

"உள்ள முதல் சொட்டு ஊறினதுமே பட்டை சோதிச்சு ஆபீஸுக்குத் தகவல் அனுப்பிருச்சுடி." ஜெசிந்தாவின் குரல் தணிந்தது. "மாசமா இருக்கிறவளுக்குப் பட்டை போட மாட்டாங்க. பட்டை இல்லாதவளுக்கு இங்க வேலையும் இல்ல."

மாரீஸ்வரி தன் கையைப் பார்த்தாள். அட்டை இன்னும் நனையவே இல்லை.