நாலாம் விரல்

பியானோ டீச்சர் எப்சிபாவின் தேர்வு முடிவுத் தாளை இரண்டாவது முறையும் படித்தாள்.

தேர்வாளர் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார். ‘வலது கை மோதிர விரலில் ஏதேனும் காயமா?’

கீழே மதிப்பெண். தேர்ச்சிக்கு மூன்று குறைவு.

“நல்ல ஆளு மிஸ் அவரு. எனக்கென்ன காயம்? பத்து விரலும் கல்லு மாதிரி இருக்கு” என்றாள் எப்சிபா. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். முப்பது வயதில் பியானோ கற்க வந்து, ஷிஃப்ட் முடிந்த கையோடு ஓடிவந்து, நான்கு வருடம் உழைத்தவள். சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

டீச்சருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மாணவர்கள் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

வாய்வரை வந்துவிட்டது.

அதற்குள் எப்சிபா புத்தகத்தைத் திறந்து பியானோமேல் வைத்தாள்.

“நீங்க போட்ட நம்பர்படிதான் மிஸ் வாசிச்சேன். ஒண்ணுகூட மாத்தல.”

எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று சொல்லும் எண்கள். கட்டைவிரல் ஒன்று. மோதிர விரல் நான்கு. சுண்டுவிரல் ஐந்து.

அச்சில் நான்கு இருந்த இடமெல்லாம் பென்சிலால் அடித்திருந்தது. பக்கத்தில் மூன்று. டீச்சரின் கையெழுத்துதான்.

பக்கம் முழுக்க ஒரு நான்குகூட மிச்சமில்லை.

ஐயோ.

தன் புத்தகத்தில் அடித்தது தெரிந்தே அடித்தது. எட்டு மாதமாக அவளுடைய மோதிர விரல் கீயில் பட்டதும் உள்ளே சுருண்டுகொள்கிறது. டாக்டரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை அவளுடைய பியானோ கச்சேரி. எப்சிபா குடும்பத்தோடு வருகிறாள்.

எப்சிபாவின் புத்தகத்தில் எப்போது அடித்தாள்? நினைவே இல்லை. திருட்டுக் கை, தானாகச் செய்திருக்கிறது.

“எங்க மிஸ் தப்பு? ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்களேன்.”

வகுப்பில் வாசித்துக் காட்டுவதை அவள் விட்டு நாளாகிறது. என்னைப் பார்த்துக் காப்பியடிக்காதீர்கள் என்பாள். எல்லோரும் நம்பினார்கள்.

ரப்பரை எடுத்து ஒரு மூன்றை அழித்தாள். நான்கு என்று எழுதினாள். உட்கார்ந்தாள்.

அந்த இடம் வந்தது. விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. ஸ்வரம் விழவில்லை.

மறுபடி வாசித்தாள். மறுபடியும் விழவில்லை.

மூன்றாவது முறை, எப்சிபா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ சனிக்கிழமை, மிஸ்?”

டீச்சர் கையை விடுவித்துக்கொண்டாள். ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

“நீ உக்காரு எப்சி. நாலு அங்கதான் வரணும்.”

எப்சிபா அசையவில்லை.

“உக்காரும்மா. உனக்குத்தான் காயம் ஒண்ணும் இல்லையே.”