ஜாடி நிறைய ஞாபகம்

"ஒரு மனுஷனுக்காக வீடே மாடா உழைக்குது. அந்த மனுஷன் என்னடான்னா, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்கார்!"

ஹாலில் நின்று கத்தினாள் மகள். கையில் கத்தரிக்கோல், இரண்டு விரலில் பிளாஸ்டர், தலைமுடியில் தங்கக்கலர் ஜிகினா.

"விடுடி. கம்ப்யூட்டர்ல ஏதோ பார்த்துட்டிருக்கார். வயசாயிடுச்சு" என்றாள் அம்மா.

"வயசானதாலதானே இந்தக் கூத்தே!"

கூத்து இதுதான். வர்ற ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எழுபது முடிகிறது. கடையில் வாங்கினால் அது பரிசு, கையால் செய்தால்தான் அன்பு என்று மகள் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துத் தொலைத்திருந்தாள். விளைவு, ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதற்குள் எழுபது காகிதச் சுருள். ஒவ்வொன்றிலும் அப்பாவைப் பற்றி ஒரு ஞாபகம். அவளும் இரண்டு அண்ணன்களும் எழுதிப் போடணும். விழாவில் எல்லார் முன்னாலும் பிரித்துப் படிக்கணும்.

சட்டதிட்டங்களும் உண்டு. பெயர் போடக் கூடாது. யார் எழுதியது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டுமாம். எல்லாமே கைவேலையாக இருக்கணும், எழுத்து மட்டும் பிரிண்ட்டில் இருக்கணும். சின்ன அண்ணன் கையெழுத்து போட்டோவில் விழுந்தால் குடும்ப மானமே போய்விடுமாம்!

தினம் ஆபீஸ் விட்டதும் நேரே பிறந்த வீடு. ஜாடிக்கு லேஸ் கட்டினாள், முத்து ஒட்டினாள், மூடிக்குப் பூ செய்தாள். மூன்று வாரம் ஓடியது. புதன்கிழமை மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே மூன்றே மூன்று சுருள்.

முதல் சுருள்: "அப்பா நல்லவர்."

இரண்டாவது: "அப்பா ரொம்ப நல்லவர்."

மூன்றாவதில் கட்டைவிரல் படம்.

பெரிய அண்ணனுக்கு போன் போட்டாள்.

"மனசுல எழுதிட்டேன் பாப்பா. பேப்பர்ல இறக்கணும், அவ்வளவுதான்."

சின்ன அண்ணனுக்குப் போட்டாள்.

"எழுபதுன்னா ரொம்ப ஜாஸ்தி பாப்பா. நீ இதை அறுபதுலயே பண்ணியிருக்கலாம்."

"பெத்த அப்பாவைப் பத்தி நாலு வரி எழுதத் துப்பில்ல உங்களுக்கெல்லாம்!" என்று போனை வைத்தாள்.

அவள் எத்தனை எழுதினாள் என்று கேட்கிறீர்களா? ஒன்றுகூட இல்லை. ஜாடி செய்தது யாரு, அது போதாதா?

"என் மாமியார் வராங்க, மாமனார் வரார், ஆபீஸ்லேர்ந்து பத்துப் பேரைக் கூப்பிட்டிருக்கேன். எல்லார்கிட்டயும் ஜாடியைப் பத்திப் பெருமையடிச்சு வச்சிருக்கேன். அப்பாவைப் பத்திச் சொல்ல எங்களுக்கு மூணு விஷயம்தான் இருக்குன்னா ஊரே சிரிக்காதாம்மா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

அப்பா அறைக் கதவு அப்போதும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தாள். ஜாடி வாய் வரைக்கும் நிரம்பி வழிந்தது!

முந்தின நாள் அண்ணன்கள் இரண்டு பேரும் வந்துபோனதாக அம்மா சொன்னாள். பரவாயில்லையே, ரோஷம் வந்துவிட்டது என்று மகள் அவர்களை அந்த நிமிடமே மன்னித்தாள்.

சாயங்காலம் கேக் வெட்டியதும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு நடு ஹாலுக்கு வந்தாள். முதல் சுருளைப் பிரித்தாள்.

"கொட்டுகிற மழையில் என் புத்தகப் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தான் நனைந்தபடியே அப்பா வந்தார்."

"நான்! நான்தான் எழுதினேன்!" பெரிய அண்ணன் எழுந்து நின்றான். கைதட்டல்.

அடுத்தது. "நான் பரீட்சையில் தோற்ற அன்று அப்பா திட்டவே இல்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்."

"இது என்னோடது!" என்றான் சின்ன அண்ணன்.

"டேய், அது நான்டா!"

"அண்ணா, தோத்தது நான்!"

"ஏன், நான் தோக்கலையா?"

ஹாலே சிரித்தது. மகளுடைய மாமியார் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"அவங்க ரெண்டு பேரும் போட்டி போடறாங்க. நீ எழுதினது எங்கம்மா?"

அவள்தான் ஒன்றுமே எழுதவில்லையே. ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா?

"இதோ, இப்ப எடுக்கறேனே, இது நான் எழுதினதுதான் அத்தை" என்று கைக்கு வந்த சுருளை எடுத்துப் பிரித்தாள். கணீரென்று படித்தாள்.

"நான் பிறந்து எட்டாவது நாள். குறைமாசம் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அப்பாவை உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு விரலை அசைத்தேன். அப்பா அங்கேயே அழுதுவிட்டார்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் யோசித்தாள்.

"எல்லாம் சரிம்மா. எட்டு நாள் குழந்தையா இருந்தப்போ நடந்தது உனக்கு எப்படி ஞாபகம் இருக்கு?"

மகள் அண்ணன்களைப் பார்த்தாள்.

"நீதானேடா இதெல்லாம் எழுதினே?" பெரியவன் தம்பி காதைக் கடித்தான்.

"நானா? நீன்னுல்ல நினைச்சேன்!"

மகள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவசர அவசரமாகக் கேக்கைப் பார்த்தார். நாலு நாளாகச் சாத்திக் கிடந்த கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேர் முன்னால் என்ன சொல்வாள்?

அப்பா தொண்டையைச் செருமினார்.

"பொறந்ததுலேர்ந்தே அவ அப்படித்தான் சம்பந்தியம்மா. என் பிள்ளைங்க எதையுமே மறக்க மாட்டாங்க."