மூலையில் நிற்கிறவள்

"நகத்த வெட்டுறியா, விரலயே எடுக்கிறியா? தையல்காரின்னாங்க. கசாப்புக் கடைக்காரி மாதிரில்ல இருக்க."

கட்டிலில் கிடந்த கிழவி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தையல்காரி கோபப்படாமல் அந்தக் காலைத் திரும்பத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைப் பெண்கள் இந்த முதியோர் இல்லத்துக்கு வருவார்கள். ஆளுக்கொரு கட்டில். தலை வாரிவிட்டு, நகம் வெட்டி, கொஞ்சம் பேசியிருந்து, ஜெபித்துவிட்டுப் போவார்கள்.

இந்தக் கட்டிலுக்கு மட்டும் யாரும் துணியவில்லை. கிழவி துப்புவாள், கடிப்பாள். பெற்ற மகனையே மறந்துபோன பிறகும் அவள் வாய் மட்டும் அப்படியே இருந்தது.

வந்த முதல் நாளே வாசலில் நின்று அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்தக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் தையல்காரி. இதுவல்லவா சீஷத்துவம் என்று போதகரின் மனைவி சபையில் எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிழவியின் கை திடீரென்று அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"வந்துட்டா. அதோ, பீரோ பக்கத்துல."

தையல்காரி திரும்பினாள். பீரோ இருந்தது, சுவர் இருந்தது.

இல்லம் முழுக்கத் தெரிந்த கதைதான். கிழவியே புலம்பிப் புலம்பிச் சொன்னது. காய்ச்சலில் கிடந்த மருமகளை, வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமலே வைத்திருந்தாள். அனுப்பியபோது ஒன்றும் மிச்சமில்லை. அந்த மருமகள்தான் இப்போது மூலையில் வந்து நிற்கிறாள்.

"இன்னிக்கு எப்படி இருக்கா?" வழக்கம்போலத் தாழ்ந்த குரலில் கேட்டாள் தையல்காரி.

"தலைய விரிச்சுப் போட்டிருக்கா. பேச மாட்டேங்கிறா, பார்த்துக்கிட்டே நிக்கிறா. போகச் சொல்லி ஜெபம் பண்ணேம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

வாராவாரம் கிழவி கேட்பாள். வாராவாரம் தையல்காரி கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துவிட்டு எழுந்துவிடுவாள். இந்த ஒரு வேண்டுதலை அவள் இதுவரை ஆண்டவரிடம் கொண்டுபோனதே இல்லை.

கொண்டுபோய், அவர் கேட்டுவிட்டால்? அடுத்த ஞாயிறு யாரிடம் போய் 'எப்படி இருக்கா' என்று கேட்பது?

ஆனால் கிழவிக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணை மூடவே பயப்படுகிறாள் என்று ஆயா சொல்லியிருந்தாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்களில் எலும்புதான் மிச்சம்.

தையல்காரி நகவெட்டியை ஓரமாக வைத்தாள். தரையில் முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே." கண்ணை மூடிக்கொண்டாள். "இந்த அக்காவ மன்னிச்சிருங்க. நிம்மதியாத் தூங்க விடுங்க. அந்தப் புள்ளைய இனிமே இங்க அனுப்பாதீங்க. நீங்களே வச்சுப் பார்த்துக்குங்க."

ஆமென் சொல்ல நேரம் பிடித்தது. கண்ணைத் திறக்க அதைவிட நேரம் பிடித்தது.

"போயிட்டாளாக்கா?"

கிழவி பீரோவைப் பார்த்தாள். அவள் பார்வை மெல்ல இறங்கி வந்து, தையல்காரிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் நின்றது. முகத்தில் இப்போது பயம் இல்லை. யாரோ அறியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இல்ல. உன் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்திருக்கா. உன் முந்தானையப் புடிச்சுக்கிட்டு." கொஞ்சம் யோசித்தாள். "உன் பொண்ணாம்மா?"

தையல்காரி திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை அசைக்காமல் அப்படியே இருந்தாள்.

"ஆமா, சம்பந்தி" என்றாள்.