நாறாத நாள்

பேராசிரியர் ஹார்லன் பிக்ஸ், மிஸ் ஓடெஸ்ஸாவின் வீட்டு வாசலில் நின்று மூக்கை நீட்டி நீட்டி மோந்து பார்த்தார். ஒரு நாற்றமும் இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“கடவுளே, ஒரு பத்து நிமிஷம் நாறக் கூடாதா?”

“இன்னைக்குன்னு பார்த்துக் கழுத்தறுக்குதே!” என்றார், தெருவே மரியாதைக்கு ‘மிஸ்’ போட்டுக் கூப்பிடும் ஓடெஸ்ஸா பாட்டி. “நேத்து சாயங்காலம்கூடக் குடலைப் புடுங்குச்சு கண்ணு. துவைச்ச துணியை வெளியில போட முடியல.”

தெருக்கோடியில் மிருகக் கொழுப்பு உருக்கும் ஆலை. இப்படிப்பட்ட ஆலைகள் ஏன் ஏழைகளின் தெருவாகப் பார்த்து வந்து உட்காருகின்றன, லாபம் யாருக்கு, மூச்சிளைப்பு யாருக்கு என்றுதான் பிக்ஸின் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. செலவு முழுவதும் வில்லோ லீஃப் அறக்கட்டளையுடையது.

தொடர்ந்து பணம் கொடுக்கலாமா என்று பார்க்க, அதன் தலைவி மெரிடித் இன்று நேரிலேயே வந்திருந்தார். அவர் கையை விரித்தால் குழுவைக் கலைக்க வேண்டியதுதான். தெருவில் மாட்டிய காற்றுச் சோதனைக் கருவிகளையும் கழற்ற வேண்டியதுதான்.

நாற்றத்தைக் காட்டி நிதி வாங்கலாம் என்று அழைத்து வந்தால், மலைவாசஸ்தலம் மாதிரி காற்று வீசித் தொலைத்தது. பாவம், பிக்ஸ் என்னதான் செய்வார்?

உள்ளே மெரிடித் பீச் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரத்தில் மூன்றாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேரத்தைக் கடத்துவதற்காக மிஸ் ஓடெஸ்ஸா வற்புறுத்தி வைத்தது அது.

“உங்க குப்பைத் தொட்டியைக் கொஞ்சம் திறந்து வைக்கலாமா?” என்று கிசுகிசுத்தார் பிக்ஸ்.

“உதை விழும்! அந்த ஆலைக்காரன் நாத்தத்துக்கு என் வீட்டுக் குப்பையா பொறுப்பு?”

அதற்குள் மெரிடித் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

“ரெண்டாவது பாய்லரும் ஓடல போலிருக்கே.”

பிக்ஸுக்குப் புல்லரித்துவிட்டது. “எவ்வளவு படிச்சுட்டு வந்திருக்காங்க பாருங்க!” என்று மிஸ் ஓடெஸ்ஸாவின் காதில் சொன்னார். இவ்வளவு அக்கறை உள்ளவரை ஏமாற்றத்தோடு அனுப்பப்போகிறோமே என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

“மேடம், சத்தியமா சொல்றேன். தினமும் நாறும். உங்க நேரம், இன்னைக்கு மட்டும்...”

“நம்பறேன் புரொபசர். பணத்தைப் பத்திக் கவலையே படாதீங்க. ஆராய்ச்சியைத் தாராளமா நடத்துங்க.”

பிக்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிஸ் ஓடெஸ்ஸாவுக்குத்தான் ஆறவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆலையைப் பார்த்துப் பொரிந்து தள்ளினார்.

“மனு குடுத்தோம், மறியல் பண்ணோம், கோர்ட்டுக்கும் போனோம். என் பேத்தி மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட ஒரு நாள் நிறுத்தல அந்தக் கட்டையில போறவன். இன்னைக்கு மட்டும் எந்த மகராசன் சொல்லி நிறுத்தினான்?”

மெரிடித்தின் முகம் குப்பென்று சிவந்தது.

“நான் இந்தப் பக்கம் வர்றேன்னு சொன்னேன். அப்பா ஒரு நாளைக்கு மூடிட்டாரு.”